பெருக்கியும் பொறுமையும்

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து சங்கீதக் கச்சேரி கேட்டு மகிழ்ந்தவர்கள் நம் நாட்டில் கோடிக் கணக்கானவர். ஆனால் தாமே ஆகாயத்தில் குரலை அனுப்பி, மறு குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர் மிகச் சிலரே. ஹாம் என்றும் அமெச்சூர் ரேடியோக்காரர் என்றும் சொல்லப்படும் இவர்கள் ஒரு விசித்திரமான கூட்டத்தினர். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வியாபாரம் பேசச் சட்டம் இடங்கொடாது. பரீட்சை எழுதித் தேறி, அரசாங்கத்தாரிடம் உரிமமும் ஓர் அழைப்புக் குறியும் பெற்று, வீட்டின் மூலையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, இரவு வெகுநேரம் வரையில் கண்டம் விட்டுக் கண்டம் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த அறையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.

இவர்களுள் அநேகருக்கு என்றைக்காவது ஒரு நாள் ஓர் ஆசை பிறப்பதுண்டு. கைவசம் உள்ள யந்திரம் 100 வாட் சக்தியை வெளியிடுகிறது. அதை 600 வாட்டாக உயர்த்திவிட்டால், உலகம் முழுவதும் நம் குரலைக் கேட்டே தீருமல்லவா? இந்த ஆசையை நிறைவேற்றும் கருவிதான் பவர் ஆம்ப்ளிஃபையர். நாம் அதைப் பெருக்கி என்று சுருக்கமாகச் சொல்லுவோம். அதை வீட்டில் நிறுவுவது எப்படி, சரிப்படுத்துவது எப்படி, அதைக்கொண்டு செய்யத் தகாதது எது என்பவற்றை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஹாம் அல்லாத நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கைக்கு வந்த பலத்தை அடக்கி ஆள்வது எப்படி என்னும் விஷயம் எல்லாருக்கும் பொதுவானதே.

முதலில் கணக்கு

ஆசைப்படுவதற்கு முன்னால் கணக்குப் பார்ப்பது உத்தமம். கேட்பவருடைய யந்திரத்தில், வரும் குரலின் பலத்தைக் காட்டுவதற்கு ஒரு மீட்டர் இருக்கிறது. அதில் ஒரு படி என்பது 6 டெசிபல். 6 டெசிபல் என்றால் சக்தியில் 4 மடங்கு. ஆகவே 100 வாட்டை 400 வாட்டாக்கினால் அந்த மீட்டரில் முள் ஒரே ஒரு படிதான் ஏறும். இன்னொரு படி ஏறவேண்டுமானால் 1,600 வாட் வேண்டும். செலவு நாலு மடங்காக, பதினாறு மடங்காக உயருகிறது. பலனோ படிப்படியாகத்தான் வருகிறது.

நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1924-ஆம் ஆண்டில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அரசாங்கத்தார் இந்நாட்டில் வானொலி நிலையம் அமைப்பதற்கு முன்பே, ஆர்வமுள்ள சிலர் கூடி 40 வாட் யந்திரத்தைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பிறகு அது 200 வாட்டாக உயர்ந்தது. ஐந்து மடங்கு! ஆனால் டெசிபல் கணக்கில் அது 7. அதாவது மேற்சொன்ன மீட்டரில் ஒரு படிக்குச் சற்று அதிகம். அந்த ஒரு படியை அற்பமென்று தள்ளிவிடவும் கூடாது. இரைச்சலில் முழுகிக் கிடக்கும் குரல் ஒரு படி மேலே வந்தால் வார்த்தை விளங்கும், வராவிட்டால் விளங்காது. பெருக்கியின் உபயோகம் அந்த எல்லைக் கோட்டில்தான் இருக்கிறது.

ஆனால் தூரத்தை வெல்வதற்குச் சக்தி ஒன்றே வழியென்று நினைப்பது தவறு. 1923 நவம்பரில் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாய் என்பவரும், அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்திலிருந்த ஃப்ரெட் ஷ்னெல் என்பவரும் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலிருந்தும் ஒருவரோடொருவர் முதன் முதலாகச் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். இருவரும் அமெச்சூர்களே. அதுவரையில் பயனற்றவையென்று ஒதுக்கப்பட்டிருந்த குறுகிய அலைகளை, அதாவது சுமார் 100 மீட்டர் அலையை, அவர்கள் கையாண்டதே அந்த வெற்றிக்குக் காரணம். பலத்தைப் பெருக்குவதைக் காட்டிலும் தக்க வழியைத் தேர்ந்தெடுப்பது மேலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகையால் பெருக்கி வாங்க நினைப்பவர் முதலில் மொட்டை மாடிக்குப் போய்த் தம் ஏரியலைப் பார்க்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசுவதற்கு நடுவில் இரண்டாகப் பிரித்த கம்பி ஏரியல் கட்டினால், அதன் மொத்த நீளம் ஏறக்குறைய 20 மீட்டர் இருக்கவேண்டும். அது வேண்டிய உயரத்தில், மரங்களுக்கும் மின்சாரக் கம்பிகளுக்கும் விலகி நிற்கிறதா? அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 2-க்கு மேல் போகாமல் இருக்கிறதா? கேபிளும் அதன் முனைகளும் 600 வாட்டைத் தாங்கக்கூடியவையா? இக்கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைத்த பிறகே பெருக்கியைப் பற்றிப் பேசலாம். ஓட்டைக் குடத்தில் நீர் சேந்த ஏற்றத்தைப் பெரிதாக்கி என்ன பயன்?

பெருக்கியின் உள்ளே

பெருக்கிகள் பலவகைப்படும். இப்போது டிரான்ஸிஸ்டர் பெருக்கிகள் மலிந்துவிட்டன. அவற்றுள் பலவற்றில் திருக வேண்டிய குமிழே கிடையாது. ஆயினும் வால்வுப் பெருக்கி இன்றும் பல ஹாம்களின் மேஜையை அலங்கரிக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து, கையால் உணர்ந்து கற்றுக்கொள்ளலாம். எனவே ‘3-500இஸட்’ என்னும் பிரசித்தமான கண்ணாடி வால்வு ஒன்றைக் கொண்ட பெருக்கியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வால்வுக்குள் மூன்று உறுப்புகள். நடுவே சூடேறிய இழை, அதைச் சுற்றிக் கம்பி வலையாகிய கிரிட், வெளியே பிளேட். இழையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள், சுமார் 2,500 வோல்ட் அழுத்தத்தில் இருக்கும் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. லீ டி ஃபாரஸ்ட் என்னும் அமெரிக்கர் 1906-இல் இடையிலே கிரிட்டை வைத்ததுதான் பெரிய புத்தி. ஏரியின் மதகை நினைத்துப் பாருங்கள். மதகுப் பலகையைத் தூக்க ஒரு மனிதனின் பலம் போதும்; அதன் வழியே பாய்வதோ ஏரித் தண்ணீர். அதைப் போல, சிறிய யந்திரம் கொடுக்கும் 60 வாட், பெரிய மின்னோட்டத்தை ஏற்றி இறக்குகிறது. 2,500 வோல்ட்டில் 400 மில்லியாம்பியர் ஓடினால் உள்ளே போகும் சக்தி 1,000 வாட். அதில் ஏறக்குறைய 600 வாட் ஏரியலுக்குப் போகும். மிச்சம் 400 வாட் பிளேட்டிலே சூடாக மாறும். இது தவிர இழைக்கு 5 வோல்ட்டில் 14½ ஆம்பியர், அதாவது 70 வாட்டுக்கு மேல், தனியாக வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து, நிறுவுவதற்கான விதிகள் தாமே வெளிப்படுகின்றன. சுவரிலிருந்து வாங்கும் சக்தி 1,200 வாட்டுக்குக் குறையாது. 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியருக்கு மேல். ஆகவே மேஜை விளக்குச் செருகும் சிறிய பிளக்கில் இதைச் செருகக் கூடாது. பெரிய 15 ஆம்பியர் பிளக்கும், தடித்த கம்பியும், தனி ஃப்யூஸும், நல்ல எர்த்தும் வேண்டும். உண்டாகும் சூட்டை வெளியேற்ற, பெருக்கியின் பின்னும் மேலும் தாராளமாக இடம் விடவேண்டும். உள்ளே சுழலும் விசிறி நின்று போனால் வால்வின் கண்ணாடிக்கும் அதில் பதிந்த கம்பிகளுக்கும் ஆயுள் சில நிமிஷங்களே. பேசி முடித்த பின்பும் விசிறியைச் சில நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது நலம். பெருக்கியின் மேல் புஸ்தகமும் துணியும் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

உயிருக்கு அபாயம்

இனிச் சொல்லப்போவதை எந்த நேயரும் வேகமாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும். பெருக்கியினுள் இருப்பது அதைப் போல் பத்து மடங்குக்கு மேல். அன்றியும், ஸ்விச்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்ட பிறகும் அந்த அபாயம் நீங்குவதில்லை. உயர் அழுத்தத்தைச் சமப்படுத்துவதற்காக வைத்திருக்கும் கண்டென்ஸர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. 30 மைக்ரோஃபாரட் கண்டென்ஸரில் 2,500 வோல்ட் இருந்தால், அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 94 ஜூல். பத்துக் கிலோ எடையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவு தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அவ்வளவு அது. அதெல்லாம் கண் இமைப்பதற்குள் ஒருவர் நெஞ்சின் குறுக்கே பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

சேமித்த மின்சாரத்தை மெல்ல வடித்துவிட ரெஸிஸ்டர்களைப் பொருத்தித்தான் இருக்கிறார்கள். ஆனால் ரெஸிஸ்டர் எரிந்து போயிருந்தால் அது வெளியே தெரியாது. ஆகையால் மூடியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியவை இவை: பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேஜை மேல் வைக்க வேண்டும். உயர் அழுத்த மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் சில நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு, மின்சாரம் பாயாத நீண்ட கைப்பிடியுள்ள கோலின் நுனியை, எர்த்துடன் இணைத்த நிலையில், உயர் அழுத்த முனையில் தொடவைத்து மிச்சத்தை இறக்க வேண்டும். வேலை முடியும்வரை அந்த முனை எர்த்துடன் இணைந்தே இருக்கட்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றொரு கையால் வேலை செய்வது பழைய ஹாம்களின் பழக்கம். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, இதயத்தைக் கடந்து, மறு கையில் இறங்க வழி ஏற்படுமல்லவா? மூடி திறந்திருக்கும்போது மின்சாரம் கொடுக்கவே கூடாது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லாத சமயத்தில் மூடியைத் தொடவே கூடாது. இவற்றை வீட்டாரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம். மெயின் ஸ்விச்சு எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைகள்கூட அறிந்திருக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பது

இனிச் சரிப்படுத்தும் முறையைப் பார்ப்போம். கச்சேரி தொடங்குமுன் வித்துவான்கள் சுருதி சேர்ப்பதை ஒத்தது இது. அவர்கள் பிருடையைத் திருகுவதும், செவி சாய்ப்பதும், மறுபடி திருகுவதுமாக இருப்பார்கள். அவசரப்படுகிற ரசிகர்களை அவர்கள் லட்சியம் செய்வதில்லை.

வால்வு, சுமார் 3,500 ஓம் கொண்ட சுமையைத் தன் பிளேட்டில் விரும்புகிறது. ஏரியல் கேபிளோ 50 ஓம். எழுபது மடங்கு வித்தியாசமுள்ள இவ்விருவரையும் ஒத்துப்போகச் செய்வதற்காக, நடுவில் ஒரு சுருளும் இரு கண்டென்ஸர்களும் இருக்கின்றன. முதல் கண்டென்ஸரின் குமிழுக்கு ‘டியூன்’ என்று பெயர், அது சுருதிக்கு. இரண்டாவதற்கு ‘லோட்’ என்று பெயர், அது பாரத்துக்கு. எந்த அலையில் பேசப் போகிறோமோ அதற்குத் தக்கபடி சுருளின் அளவை மாற்றும் ஸ்விச்சு ஒன்றும் உண்டு. சக்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஸ்விச்சைத் தொடலாகாது.

முதற் பரீட்சையை ஏரியலில் நடத்தக் கூடாது. ஊரார் காதில் விழும்படி சுருதி சேர்ப்பது நாகரிகமல்ல. ‘டம்மி லோட்’ என்ற 50 ஓம் போலிச் சுமையை இணைத்தால், சக்தியெல்லாம் அங்கே சூடாகிவிடும். வெளியே ஒரு சத்தமும் போகாது. இணைத்த பிறகு, செய்தவர்கள் கொடுத்த அட்டவணைப்படி மூன்று குமிழ்களையும் வைக்க வேண்டும். சிறிய யந்திரத்தின் சக்தியை மிகவும் குறைத்து, 15 அல்லது 20 வாட் மட்டும் கொடுக்க வேண்டும்.

இப்போது ‘டியூன்’ குமிழை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் பிளேட் மின்னோட்டம் சற்றே தாழும். அதே இடத்தில் வெளிவரும் சக்தி உச்சத்துக்கு ஏறும். அதுவே சுருதி சேர்ந்த இடம். பிறகு ‘லோட்’ குமிழைச் சிறிது திருப்பிச் சக்தி கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாரத்தை மாற்றினால் சுருதி சற்றே விலகும். ஆகையால் மறுபடி ‘டியூன்’. மீண்டும் ‘லோட்’, மீண்டும் ‘டியூன்’. இப்படி மாறி மாறிச் செய்து, இனிக் கூடாது என்ற நிலை வந்ததும், கொடுக்கும் சக்தியைச் சிறிது உயர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், அதைப்போல் இரண்டு மூன்று பங்கு நேரம் வால்வுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பிளேட்டில் மங்கலான செந்நிறம் தோன்றுவது இந்த வகை வால்வுக்கு இயல்பே. செம்மை வெளுத்து மஞ்சளாக மாறினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவு நேரமும் கண் கிரிட் மின்னோட்டத்தின் மேல் இருக்கட்டும். கிரிட் மெல்லிய கம்பியால் ஆனது. வால்வில் முதலில் சாவது அதுதான். பிளேட்டில் 400 மில்லியாம்பியர் ஓடும்போது கிரிட்டில் சுமார் 120 மில்லியாம்பியர் ஓடுவது முறை. பாரம் ஏற்றாத வண்டியில் மாடுகள் தறிகெட்டு ஓடுவதுபோல, லோட் குறைவாக இருந்தால் கிரிட் மின்னோட்டம் வரம்பு மீறி ஏறும்; கண்டென்ஸர் தகடுகளுக்கிடையே பொறியும் பறக்கலாம். பாரம் மிகையானால் மேட்டில் ஏற மாட்டாமல் மாடுகள் திணறுவதுபோல, பிளேட் மின்னோட்டம் கூடியும் வெளிவரும் சக்தி குறையும், மிச்சமெல்லாம் சூடாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடமே தக்கது. அனுபவஸ்தர்கள், உச்சம் கண்ட பிறகு பாரத்தை ஒரு மயிரிழை கூட்டி வைப்பார்கள். அதனால் சில வாட் குறையும், குரல் சுத்தமாகும்.

எல்லாம் சரியாக அமைந்ததும், மூன்று குமிழ்களின் நிலைகளையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஏரியலை இணைத்து, யாரும் பேசாத இடமாகப் பார்த்து, குறைந்த சக்தியில் சிறு திருத்தம் செய்தால் போதும்.

அடுத்தவர் காது

இத்தனைக்கும் பிறகு பலரை ஆட்டிவைக்கும் சபலம் ஒன்று பாக்கியிருக்கிறது. தொடர்ந்த ஒலி கொடுத்தபோது 400 மில்லியாம்பியர் காட்டிய முள், பேசும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே காட்டும். மனிதப் பேச்சில் ஏற்றமும் இறக்கமும் மௌனமும் கலந்திருக்கின்றன. முள் அவற்றின் சராசரியைத்தான் காட்டும். உச்சங்கள் முன்பே 600 வாட்டை எட்டிவிட்டன. இதை அறியாதவர், முள் மேலே வரவேண்டுமென்று கொடுக்கும் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவார். பெருக்கியால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. பேச்சின் உச்சிகள் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாகும். அப்படித் தட்டையான ஒலி தன் இடத்தில் அடங்கி நிற்பதில்லை. இரு பக்கமும் சிதறித் தெறிக்கும்.

இந்தியாவில் ஹாம்களுக்கு அளிக்கப்பட்ட ஓர் அலைவரிசை 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ளது. அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். ஒழுங்கான பேச்சு ஒன்றுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒழுங்காகப் பேசினால், அந்தச் சிறு வீதியிலே பலர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்து போகலாம். பெருக்கியை அளவுக்கு மேல் விரட்டும் ஒருவர், நாலைந்து பேர் நடக்கும் இடத்தைத் தாமே அடைத்துக்கொள்கிறார். அவருக்கு அது தெரிவதுமில்லை. அவர் காதில் தம் குரல் விழாதல்லவா?

இது வெறும் மரியாதை சம்பந்தமான விஷயம் அன்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப் பேரலை நம் தமிழ்நாட்டுக் கரையையும் அந்தமான் தீவுகளையும் தாக்கிற்று. அச்சமயம் திருமதி பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் குழு ஒன்று, உலக ஹாம்களுடன் பேசும் உற்சாகத்தில் போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்தது. தொலைபேசிகள் ஊமையாகிவிட்ட அந்த நாட்களில், உற்சாகத்துக்காகக் கொண்டு போன யந்திரங்களே தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தன. இத்தகைய வேளையில் பாட்டரியைக்கொண்டு, அவசரமாகக் கட்டிய கம்பியிலிருந்து வரும் குரல் மெலிந்தே இருக்கும். அதைப் பிடிப்பதற்குப் பெரிய பெருக்கி உதவாது. அக்கம் பக்கத்து நிசப்தமே உதவும். எங்கோ சௌக்கியமாக இருக்கும் ஒருவருடைய சிதறல் அந்த மெலிந்த குரலை மூடிவிட்டால், அதன் விலை என்னவென்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே பெருக்கி வைத்திருப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. உரிமத்தில் குறித்த வரம்பைத் தாண்டக் கூடாது. வரம்புக்குள்ளும் வேண்டிய அளவுக்கு மேல் செலவிடக் கூடாது. நிலையங்கள் தேவையான சக்தியை மட்டுமே வெளியிட வேண்டும் என்பது சர்வதேச வானொலி விதிகளிலேயே உள்ளது. அலையில் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 100 வாட்டில் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வந்தால் பெருக்கியின் ஸ்விச்சைத் தொட வேண்டியதில்லை. எதிராளி திணறினால், அப்போது பெருக்கியைப் போடுங்கள். அவர் தெளிவாகக் கேட்கிறது என்று சொன்னதும், குமிழை ஒரு தடவை கீழே இறக்கி, இன்னும் கேட்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும், கேட்கிறது என்றே பதில் வரும்.